ஒன்பது பிளவா, ஏழு பிளவா? பழைய ராணுவ ஜீப் கேள்வி பதில்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வண்டிகளை வாங்கிச் சீர்செய்வதைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஜீப்பைப் பற்றித்தான். நான் மெக்கானிக் இல்லை. ஒரு 1943 ஃபோர்டு ஜீப்பையும் ஒரு ஜோங்காவையும் (நம் ராணுவம் ஓட்டிய ஜீப் மாதிரி வண்டி) வீட்டில் கட்டிவைத்து மேய்க்கிறவன், மெக்கானிக்குகளிடம் திட்டு வாங்கிக் கற்றவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போடிநாயக்கனூர்: அண்ணே, தாத்தா ஏலத்தோட்டத்துல ஓட்டின ஜீப் கொட்டகையில கிடக்கு. "யுத்தத்துல வந்த வண்டி"ன்னு வீட்ல சொல்றாங்க. நிஜமான்னு எப்படிப் பார்க்கிறது?

முதலில் முகத்தைப் பாருங்கள் தம்பி. கிரில் தகட்டில் ஒன்பது பிளவு இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி. ஏழு இருந்தால் 1945-இலிருந்து பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வகை. நம் மஹிந்திரா ஜீப்பும் அந்த வம்சம்தான். ஆனால் கிரில்லை மட்டும் நம்பி ஊரில் சொல்லிவிடாதீர்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் முகம் மாறிவிடும்.

அடுத்து பெட்ரோல் ஊற்றும் வாயைத் தேடுங்கள். போர்க்கால ஜீப்பில் டிரைவர் சீட்டைத் தூக்கினால்தான் அது தெரியும், டேங்கே சீட்டுக்கு அடியில்தான். சி.ஜே.யில் பாடியின் பக்கவாட்டில் வெளியே இருக்கும். பின்பக்கம் திறந்து மூடும் கதவு இருந்தால் அதுவும் சி.ஜே. பாடி. போர்க்கால வண்டியில் பின்பக்கம் ஒரே தகடு, அதில் வலது ஓரம் ஸ்டெப்னி, இடது ஓரம் பெட்ரோல் கேன் மாட்டும் இடம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் பாயைப் போட்டு வண்டிக்கு அடியில் படுங்கள். ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் எம்.பி. கவிழ்த்த பெட்டி மாதிரி சதுரமாக இருந்தால் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஒரே வடிவத்தை இரண்டு கம்பெனிகளும் செய்தன. வில்லிஸ் சுமார் 3,60,000, ஃபோர்டு சுமார் 2,80,000. ஃபோர்டுக்காரர்கள் தங்கள் உதிரிபாகங்களில், போல்ட் தலையில்கூட, 'எஃப்' எழுத்தைப் பொறித்து வைத்தார்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு 'எஃப்' கிடைக்கும்போதும் புதையல் எடுத்த மாதிரி இருக்கும். என் வண்டியில் இதுவரை எழுபதைத் தாண்டிவிட்டேன்.

எஞ்சின் எண் எம்.பி. என்றோ ஜி.பி.டபிள்யூ. என்றோ தொடங்க வேண்டும். ஆனால் மலைத்தோட்டத்து வண்டியில் அந்த எஞ்சினே இருக்குமா என்பது சந்தேகம்தான். டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்து ஓட்டியிருப்பார்கள், சேஸிஸை வெட்டி நீட்டியிருப்பார்கள். பாதி எம்.பி., பாதி மஹிந்திரா என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். அதுவும் அந்த மலையின் வரலாறுதான். எதையும் வெட்டுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

திருச்சி: சார், பழைய ராணுவப் பச்சையே அடிக்கணும்னு ஆசை. பெயின்டர் "கேஸ் ஆயிடும்"ங்கிறார். உண்மையா?

பெயின்டர் சொன்னது சரி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121 அதைத்தான் சொல்கிறது: பாதுகாப்புத் துறையின் வண்டியைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அமெரிக்க ஜீப்பின் நிறம் ஆலிவ் டிராப், அது இந்த ஆலிவ் பச்சை இல்லை, கொஞ்சம் பழுப்பு கலந்தது என்று நாம் மணிக்கணக்கில் பேசலாம். நடுரோட்டில் நிறுத்தியவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பழைய வண்டியை அசலாக வை என்று சொல்லும் அதே விதிப்புத்தகம்தான் அதன் அசல் நிறத்தைத் தடுக்கிறது. நான் மணல் நிறத்துக்குப் போனேன். பானெட்டின் அடிப்புறத்திலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் கிடைத்த பழைய பெயின்ட்டை மட்டும் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர் பிளேட்டையும் ஆசைக்காக மாட்டாதீர்கள்.

கோவை: ஏனுங்க, 6 வோல்ட்டுல செல்ஃப் இழுக்கவே மாட்டேங்குது. 12 வோல்ட்டுக்கு மாத்திப்போடலாங்களா?

மாற்றலாமுங்க, ஆனால் அவசரப்படாதீங்க. அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதற்குத் தடியான கேபிள் வேண்டும். நம் ஊரில் பேட்டரிக் கடையில் கேட்டால் 12 வோல்ட் காருக்கான கேபிளைத்தான் கொடுப்பார்கள், அது இதற்கு மெலிசு. தடிக் கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகத் தேய்த்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு வண்டி அதிலேயே சரியாகிவிடும். 12-க்குப் போனால் பல்பு, காயில், டைனமோ, ரெகுலேட்டர், மீட்டர் எல்லாவற்றுக்கும் வழி பார்க்க வேண்டும். பழைய செல்ஃப் 12 வோல்ட்டில் வெறிபிடித்தது மாதிரி சுற்றும், ஃப்ளைவீல் பல் சிதைவது அதனால்தான்.

வேலூர்: ரிம்மைச் சுத்தி நிறைய நட்டு இருக்கு, நடுவுலயும் அஞ்சு நட்டு இருக்கு. எதைக் கழட்டணும்?

நல்ல வேளை, கழற்றுவதற்கு முன் கேட்டீர்கள். நடுவில் இருக்கும் ஐந்துதான் வீல் நட்டு. வெளிவட்டத்தில் இருக்கும் எட்டும் ரிம்மின் இரண்டு பாதிகளை ஒன்றாகப் பிடித்திருப்பவை. போர்முனையில் டயரைச் சீக்கிரம் பிரிப்பதற்காக அப்படிச் செய்தார்கள். உள்ளே காற்று இருக்கும்போது அந்த எட்டில் கை வைத்தால் ரிம்மின் பாதி பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். பஞ்சர் கடைத் தம்பிக்கு இது தெரியாது, அவர் பார்த்த வண்டிகளில் இந்த மாதிரி ரிம் கிடையாது. ஒருமுறை நான் டீ வாங்கப் போன நேரத்தில் கடைப்பையன் மூன்று நட்டைத் தளர்த்திவிட்டான். திரும்பி வந்து பார்த்ததும் கையில் இருந்த கிளாஸை அங்கேயே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த எட்டு நட்டுக்கும் சிவப்புப் பெயின்ட். வால்வு முள்ளைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கி, டயரை மிதித்துப் பார்த்த பிறகுதான் ஸ்பேனர்.

இன்னொன்று: இடது பக்கச் சக்கரங்களின் வீல் நட்டு எதிர்மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். வழக்கமான திசையில் நெம்பி நெம்பி ஸ்டட்டை ஒடிக்காதீர்கள்.

மதுரை: ஏலத்துல போன ஜோங்கா ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா? விண்டேஜ்னு பதிய முடியுமா?

முதலில் பேப்பர், பிறகுதான் இரும்பு. ராணுவம் ஏலம் விட்ட கடிதம், அதில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண், பிறகு சிவில் ஆர்.சி. கடிதத்திலும் ஆர்.சி.யிலும் உள்ள எண்கள் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். "ஆர்.சி. அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஜோங்கா, நிஸ்ஸான் பேட்ரோலின் உரிமத்தில் ஜபல்பூர் ஆலையில் 1969-இலிருந்து செய்த வண்டி. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் பங்க்காரர் உங்களை மாப்பிள்ளை மாதிரி கவனிப்பார். அதனாலேயே வெளியே வந்த பல ஜோங்காவில் டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டேஜ் பதிவுக்கு 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். 1980-களில் வந்த ஜோங்கா என்றால் அதற்கு இன்னும் வயது வரவில்லை. எஞ்சின் மாற்றியது என்றால் வயது வந்தாலும் சிக்கல்தான்.

சேலம்: ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கே, பிடிக்க மாட்டாங்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 120: இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில் வேலை செய்யும் சிக்னல் கருவி இருந்தால் ஓட்டலாம். இண்டிகேட்டர் எரிகிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

சென்னை: பானெட் மேல மெஷின் கன் வெச்சா கெத்தா இருக்குமே ப்ரோ?

மரத்தில் தச்சரிடம் செய்து, கண்காட்சித் திடலில் மட்டும் மாட்டுங்கள். நிஜத் துப்பாக்கியின் பாகம் எதுவாக இருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் போய் நிற்பீர்கள். ரோட்டில் மர பொம்மைகூட வேண்டாம் ப்ரோ.

தஞ்சாவூர்: ஐயா, எங்க வீட்டுக்காரர் 1944 வில்லிஸ் ஒண்ணு வாங்கிட்டு, பிள்ளைகளை அதுலயே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறார். நீங்களாவது சொல்லுங்க.

சொல்கிறேன் அம்மா, அவரையும் படிக்கச் சொல்லுங்கள். நாலு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக், அதற்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். ஒரு இடத்தில் ஆயில் கசிந்தால் நாலும் போய்விடும். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. நிற்கும் வண்டியை நிறுத்திவைக்க மட்டும்தான் அது. கதவு கிடையாது, பெல்ட் கிடையாது, டிரைவருக்கு அடியில் 56 லிட்டர் பெட்ரோல். விண்டேஜ் பதிவு வண்டியைத் தினசரி ஓட்ட விதியிலும் இடமில்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை அவரைத் தனியாக ஒரு சுற்று போய்வரச் சொல்லுங்கள். வீட்டிலும் நிம்மதி.

குன்னூர்: மலை ஏறும்போது திணறி நின்னுடுது. அரை மணி கழிச்சு ஸ்டார்ட் ஆகுது. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

பாதிக் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிறது. எஞ்சினை ஒட்டிப் போகும் குழாயில் ஆவி அடைத்து, பம்ப் வெறும் காற்றை இழுக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து குழாயை விலக்கிக் கட்டுங்கள். பம்ப் டயஃப்ரத்தையும் ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்யுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். ஆக்டேன் பற்றிக் கவலையே வேண்டாம். 6.48-க்கு 1 தான் கம்ப்ரஷன், போர்க்காலத்து மட்டமான பெட்ரோலுக்காகவே செய்த எஞ்சின்.

நாமக்கல்: அடித்தகடு சல்லடையா இருக்கு. பிலிப்பைன்ஸ்ல இருந்து புதுப் பாடியே வருதாமே, வாங்கிப் போட்டுடலாமா?

வருகிறது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் ஒட்டுப் போடத்தான் சொல்வேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கைகளுக்கு இது ஒரு வாரத்து வேலை. துரு வரும் இடம் தெரிந்தால் போதும். அடித்தகட்டைத் தாங்கும் தொப்பி வடிவச் சட்டத்துக்குள் ஃபேக்டரியிலேயே மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். அந்த மரம் எண்பது வருஷமாகத் தண்ணீரைக் குடித்து, தகட்டை உள்ளிருந்து தின்றிருக்கும். மேலே ஒட்டுப் போட்டுப் பட்டி பூசினால் இரண்டு மழைக்குள் மறுபடி ஓட்டைதான். சட்டத்தைத் திறந்து, கட்டையை எடுத்து, தேக்கில் புதிதாக இழைத்து எண்ணெய் ஊறவைத்துப் போடுங்கள். பழைய கட்டை உளுத்திருந்தாலும் ஆசாரி அளவெடுக்கும் வரை அடுப்புக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் போய்விட்டது.