பெண்கள் கால்பந்து: ஆசியப் போட்டிக்கு வழி எது?

ஒலிம்பிக்குக்குத் தகுதிச் சுற்று நடக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லையே, பெண்கள் அணி எப்படி உள்ளே போகிறது?
கொழிஞ்சாம்பாறை வாசகர்

தனியாக ஒரு தகுதிச் சுற்று கிடையாது, அதனால்தான் கண்ணில் படவில்லை. 1990 பெய்ஜிங் போட்டியில் பெண்கள் கால்பந்து சேர்க்கப்பட்டது. அதன்பிறகு நெடுங்காலம், நாட்டின் ஒலிம்பிக் சங்கம் பெயர் அனுப்பினால் அணி ஆடலாம் என்ற நிலைதான் இருந்தது. 2026 ஐச்சி-நகோயா போட்டிக்கு இது மாறிவிட்டது. பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணிகளுக்கே வாசல் திறந்தது. ஆண்களுக்கு 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை. இந்திய ஆண்கள் அந்தக் கோப்பைக்குள் நுழைய முடியாமல் போனதால், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் அவர்களுக்கு வழி அடைபட்டது.

ஆக, நாம் கவனிக்க வேண்டியது ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் புள்ளிப் பட்டியலை. 2025இல் 34 அணிகள் எட்டுப் பிரிவுகளாக ஆடின. பிரிவில் முதலிடம் பிடித்த அணி மட்டுமே மேலே போனது, இரண்டாமிடத்துக்கு ஒன்றுமில்லை. போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவும், முந்தைய கோப்பையில் முதல் மூன்று இடம் பிடித்த சீனா, தென் கொரியா, ஜப்பானும் நேரடியாக நுழைந்தன. மொத்தம் 12.

அந்தத் தகுதிச் சுற்றில், தாய்லாந்தின் சியாங் மாயில், நம் பெண்கள் மங்கோலியாவுக்கு எதிராக 13 கோல் அடித்தார்களே, அது தேவையா? பத்து அடித்தாலும் அதே மூன்று புள்ளிதானே?
நீரோடி வாசகர்

தேவைதான். அந்தப் பிரிவின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 13ஆவது கோலும் வீணில்லை என்று தெரியும்.

இந்தியா மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, இராக்கை 5-0 என்று வென்றது. மொத்தம் 22 கோல், வாங்கியது பூஜ்யம். அதே மூன்று அணிகளை வென்ற தாய்லாந்துக்கும் 22 கோல், வாங்கியது பூஜ்யம். இரண்டுக்கும் ஒன்பது புள்ளி. கடைசி ஆட்டம் இவர்களுக்குள்.

ஆசியக் கூட்டமைப்பின் விதிப்படி புள்ளி சமமானால், முதலில் அந்த அணிகள் தங்களுக்குள் ஆடியதன் முடிவைப் பார்ப்பார்கள். அதுவும் டிரா என்றால் பிரிவின் மொத்த கோல் வித்தியாசம், அதன்பின் அடித்த மொத்த கோல். அதிலும் சமமாக இருந்து, அந்த இரண்டு அணிகளும் கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் ஆடியிருந்தால், மைதானத்திலேயே பெனால்டி ஷூட் அவுட். மஞ்சள், சிவப்பு அட்டைக் கணக்கும் குலுக்கலும் அதற்குப் பிறகுதான்.

இப்போது இந்தியா மங்கோலியாவுக்கு 12 மட்டும் அடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராவே தாய்லாந்துக்குப் போதும். அவர்கள் பின்னால் இறங்கி நின்று ஆட்டத்தைக் கடத்தியிருக்கலாம். 13 அடித்ததால் அந்த வசதி அவர்களுக்கு இல்லாமல் போனது. 2025 ஜூலை 5 அன்று சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் அடிக்க, இந்தியா 2-1 என்று வென்று கணக்கை நேராகவே முடித்தது. சிறிய அணியுடன் ஆடும்போது ஐந்து கோலுக்குப் பிறகு கால் தளர்கிற பழக்கம் நம் ஊர்ப் போட்டிகளில் நிறைய உண்டு. எதிரணியை அவமதிக்கக் கூடாது என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். முழு நேரமும் முழு மூச்சாக ஆடுவதுதான் எதிரணிக்குத் தரும் மரியாதை.

இதே தாய்லாந்திடம் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏன் தோற்றோம்?
நீரோடியிலிருந்தே இன்னொருவர்

அந்தப் போட்டியில் பிரிவுகள் சமமாக இல்லை. இந்தியா, சீன தைபே, தாய்லாந்து என்று நம் பிரிவில் மூன்றே அணி, ஆளுக்கு இரண்டே ஆட்டம். ஐந்து பிரிவுகளின் முதலிடத்தாரும், இரண்டாமிடத்தாரில் சிறந்த மூவரும் காலிறுதிக்கு. இப்படிப்பட்ட பிரிவில் முதல் ஆட்டத்தில் தோற்றால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது.

சீன தைபேக்கு எதிராக அஞ்சு தமாங் கோலில் முந்தியும் 1-2 என்று தோற்றோம். மூன்று நாள் கழித்து தாய்லாந்திடம் 0-1. இரண்டுமே ஒரு கோல் தோல்வி. 2014 இஞ்சியோனில் தென் கொரியாவிடமும் தாய்லாந்திடமும் தலா பத்து கோல் வாங்கிய அணி இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆனால் முந்திய பிறகு ஆட்டத்தின் கடைசிப் பகுதியைக் காப்பாற்றுவது தனிப் பயிற்சி, அது வலுவான அணிகளுடன் அடிக்கடி ஆடினால்தான் வரும்.

ஆசியக் கூட்டமைப்பு இடம் கொடுத்தால் போதுமா? முன்பு நம் அரசே அனுப்பவில்லை என்றார்களே?
நகரி வாசகர்

போதாது. ஆசியத் தரவரிசையில் முதல் எட்டுக்குள் இருக்கும் அணிகளையே அனுப்புவது என்ற அளவுகோல் இங்கே உண்டு. 2018இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் கால்பந்து அணிகளை அனுப்ப மறுத்தது அதை வைத்துத்தான். 2023 ஜூலையில் மத்திய விளையாட்டு அமைச்சகம் விதியைத் தளர்த்தியதால் இரண்டு அணிகளும் ஹாங்சோ போயின.

இந்த அளவுகோல் பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தரவரிசைப் புள்ளி ஆடினால்தான் ஏறும். சாதாரண நட்பு ஆட்டத்துக்குக் குறைந்த எடை, தகுதிச் சுற்றுக்கும் கோப்பைக்கும் அதிக எடை. பெரிய போட்டிக்கு அனுப்பாமல் வைத்துவிட்டு, புள்ளி இல்லை என்று சொல்வது நியாயமில்லை. ஆண்கள் தரவரிசையில் கோல் வித்தியாசம் கணக்கில் வராது, பெண்கள் தரவரிசையில் வரும். வலுவான அணியிடம் ஒரே கோலில் தோற்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. மைதானத்தில் வென்று இடம் பிடிக்கும் புதிய முறை இந்த விதத்தில் நேர்மையானது.

23 வயது வரம்பு பெண்களுக்கும் உண்டா?
ஆரியங்காவு வாசகி

இல்லை. அது ஆண்களுக்கு மட்டும். பெண்கள் முழு தேசிய அணியாகவே ஆடுகிறார்கள்.

ஆஸ்திரேலியா ஏன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடுவதில்லை?
பொழியூர் வாசகர்

2006இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்த நாடு அது. ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலில் உறுப்பினர் இல்லை. ஆசியக் கோப்பை முதல் அமைப்புடையது, ஆசிய விளையாட்டுப் போட்டி இரண்டாவதுடையது.

மகளுக்குப் பதினாறு வயது. செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) நன்றாக ஆடுகிறாள். வீட்டில் தமிழ், படிப்பது கேரளப் பள்ளியில், பிறந்தது பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில். எந்த மாநிலத்துக்கு ஆட வேண்டும்? இந்திய கேம்ப் வரை போக என்ன செய்ய வேண்டும்?
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டத் தாய் ஒருவர்

தாய்மொழி எந்த மொழி என்று யாரும் கேட்கப் போவதில்லை அம்மா. பதிவு எந்தக் கிளப்பில் என்பதே முக்கியம். இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கணினிப் பதிவில் ஒரு நேரத்தில் ஒரு கிளப்தான். அக்கரையிலும் இக்கரையிலுமாக இரண்டு மாநில செலக்‌ஷனுக்கும் பெயர் கொடுத்தால் சிக்கல் வரும். மாநிலம் மாற நினைத்தால் முறைப்படி டிரான்ஸ்ஃபர் வாங்கிய பிறகு மாறுங்கள். இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு 2017-18இலும் 2022-23இலும் சீனியர் பெண்கள் தேசியக் கோப்பையை வென்றது. கோகுலம் கேரளா இந்தியப் பெண்கள் லீகை மூன்று முறை வென்றது. காசர்கோட்டின் மாளவிகா அந்த மங்கோலியா ஆட்டத்தில் கோல் அடித்தவர்.

காகிதங்களை இப்போதே பாருங்கள். பிறப்புச் சான்றிதழைத் தருவது பிறந்த ஊர், வசிக்கும் ஊர் அல்ல. உங்களுக்குப் பொள்ளாச்சி நகராட்சி. பெயர் எழுதாத சான்றிதழாக இருந்தால் உடனே சேர்த்துவிடுங்கள். அடுத்தது இனிஷியல். ஆதாரில் ஓரெழுத்து இனிஷியல், பள்ளிச் சான்றில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் வேறு வரிசை என்றிருந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்குப் பட்டியல் போகும் நேரத்தில் தடுமாற்றம். மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட் பயண நாளுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும்.

ஆட்டத்துக்கு வருவோம். செவன்ஸ் கால் வேகத்தையும் நெருக்கத்தில் பந்தை அடக்குவதையும் தரும். ஆனால் அதில் ஆஃப்சைடு கிடையாது, மைதானம் சிறியது. பெரும்பாலான சர்வதேச ஆட்டங்கள் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகல மைதானத்தில் நடக்கின்றன. செவன்ஸ் பழகிய பெண்கள் லெவன்ஸுக்கு வரும்போது முன்வரிசை ஆள் ஆஃப்சைடில் நின்றுகொண்டே இருப்பாள். தடுப்பில் நிற்பவள் தன் ஆளைத் துரத்திப் போய் வரிசையை உடைப்பாள். வாரத்தில் இரண்டு நாளாவது முழு மைதானத்தில், நான்கு தடுப்பாளர்களும் பந்து நகரும் பக்கம் சேர்ந்து நகரும் பயிற்சி வேண்டும். பக்கத்து ஆளுக்கு இடையில் 8 முதல் 10 மீட்டர் போதும்.

முழங்காலை மறக்காதீர்கள். முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ திரும்பும்போதோ நடக்கிறது. ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் இப்படிப்பட்ட காயங்களைத் தடுக்க உருவானது. மெதுவான ஓட்டம் 8 நிமிடம், வலு, சமநிலை, குதிப்புப் பயிற்சிகள் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் வேகத்தைக் குறைத்து, சரியாக இறங்கிய பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மற்ற கண்டங்களில் எப்படி?
புத்தூர் வாசகர்

பான் அமெரிக்கப் போட்டியில் பெண்களுக்கு எட்டு அணிகள். தென் அமெரிக்க நாடுகளுக்கு, அந்தக் கண்டத்தின் பெண்கள் கோப்பையான கோப்பா அமெரிக்காவே தகுதிப் போட்டியாக இருந்தது. 2023 சாண்டியாகோ இறுதியில் மெக்சிகோ சிலியை 1-0 என்று வென்றது. ஆப்பிரிக்கப் போட்டி, 2024 அக்ராவில், 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கானதாக நடந்தது.

கிளப் விடவில்லை என்றால்?
செங்கோட்டை வாசகர்

ஃபிஃபா நாட்காட்டியில் ஒதுக்கிய நாட்களில் கிளப் ஆட்டக்காரரை விட்டே ஆக வேண்டும். ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உள்நாட்டுக் கிளப்பில் இருப்பவர்களைச் சம்மேளனம் பேசி வாங்கலாம். வெளிநாட்டுக் கிளப்பில் இருப்பவர்கள், செப்டம்பர்-அக்டோபரில் போட்டி வருவதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சொல்லி, விடுவிப்பு பற்றி ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்.