ஆர்34 ஸ்கைலைனை அமெரிக்காவுக்குக் கொண்டுவர: 25 வருஷத்தை எந்த மாதத்திலிருந்து எண்ணுவது?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறேன். ஜப்பான் ஏலத்துக்கு ஒரு நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் வந்திருக்கிறது. முதல் பதிவு 2002 மார்ச். 2027 மார்ச்சில் சட்டப்படி இறக்கலாம், இப்போதே வாங்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார் ஏஜென்ட். இதற்கிடையில் ஃப்ளோரிடாவில் ஒருவர் இதே மாடல் 2002 வண்டியை டைட்டில் (மாநிலம் தரும் உரிமைச் சான்று), நம்பர் பிளேட்டோடு குறைந்த விலைக்கு விற்கிறார். எது சரி? ஓரிரு வருஷத்தில் வேலைக்காகக் கலிபோர்னியா போக வேண்டி வரலாம்.

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன கலிபோர்னியாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது நிச்சயம் என்றால் மற்ற கேள்விகளுக்கு அவசியமே இல்லை. 25 வருஷம் ஆன வண்டியை அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்கு ஏற்ப மாற்றாமலே இறக்கலாம் என்கிற மத்திய அரசின் விலக்கு, கலிபோர்னியாவின் புகை விதியைத் தொடவே தொடாது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த பெட்ரோல் கார் 1975 மாடலோ அதற்கு முந்தையதோ என்றால்தான் அங்கே விலக்கு. மற்றதெல்லாம் அந்த மாநிலம் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதனை பாஸ் பண்ண வேண்டும், அதற்காக வண்டியில் மாற்றங்கள் செய்ய வேண்டும், செலவு ஆயிரக்கணக்கான டாலரில் போகும். டெக்சாஸில் ஏற்கனவே பதிவான வண்டிதானே என்று சொல்லி நுழையவும் முடியாது. அங்கே குடியேறிவிட்டு, விற்பனை வரி இல்லாத மொன்டானா மாநிலத்தில் ஒரு கம்பெனி பெயரில் பிளேட் வாங்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வரி ஏய்ப்பு என்று பிடிக்கவும் செய்கிறார்கள். அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன்.

சரி, டெக்சாஸிலேயே இருக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் ஏஜென்ட் சொன்ன தேதி பெரும்பாலும் ஒத்துவரும், ஆனால் காரணம் தவறு. சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சா பார்ப்பது வண்டி தொழிற்சாலையில் தயாரான தேதியை. மாடல் வருஷமும் கணக்கில்லை, முதல் பதிவும் கணக்கில்லை. 2002 ஜனவரியில் தயாரான வண்டி ஷோரூமில் நின்று மார்ச்சில் பதிவாகியிருந்தால் 2027 ஜனவரியிலேயே இறக்கலாம். சிக்கல் என்னவென்றால் ஜப்பான் பதிவுச் சான்றில் முதல் பதிவின் வருஷமும் மாதமும்தான் இருக்கும், தயாரிப்புத் தேதி இருக்காது. இன்ஜின் அறையில் தகட்டைத் தேடிப் பார்த்தாலும் மாடல் குறியீடு, பிஎன்ஆர்34 என்று தொடங்கும் சேசிஸ் நம்பர், பெயின்ட் குறியீடு (டிவி2 என்றிருந்தால் அந்தப் புகழ்பெற்ற பேசைடு நீலம்), இவ்வளவுதான், தேதி கிடையாது. அதனால் சேசிஸ் நம்பரை நிசானின் பாகப் பட்டியல் மென்பொருளில் போட்டுத் தயாரிப்பு மாதத்தை எடுக்கிறார்கள். சீட் பெல்ட் அடியில் தைத்திருக்கும் லேபிளில் உள்ள தேதியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அது உங்கள் மனத்திருப்திக்கு உதவும், கஸ்டம்ஸில் அதை நம்பி நிற்காதீர்கள். தயாரிப்பு மாதத்துக்கு உறுதியான தாள் கிடைக்கவில்லையா, பதிவுத் தேதியை வைத்தே எண்ணுங்கள். 25 வருஷத்துக்கு முன் பதிவான வண்டி அதற்கு முன்பே தயாராகியிருக்கும் என்பதால் அந்தத் தாளை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கூடக் காத்திருப்பது, துறைமுகத்தில் வண்டி மாட்டிக்கொண்டு திருப்பி அனுப்பச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

கவனிக்க வேண்டியது கப்பல் கிளம்பும் நாளை அல்ல, இங்கே நுழையும் நாளை. முன்கூட்டியே வாங்குவதாக இருந்தால் அதுவரை ஜப்பானில் மூடிய கிடங்கில் வையுங்கள். மாத வாடகை கட்டினாலும் பரவாயில்லை, திறந்த வெளியில் கடற்காற்றில் விட்டால் வந்து சேரும்போது நீங்கள் வாங்கிய வண்டி அதுவாக இருக்காது. ஆர்34-ல் முன்பக்க ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷன் மேலே பொருந்தும் இடம்) மேற்பகுதி துருப்பிடிப்பது ஊரறிந்த விஷயம். பானெட்டைத் திறந்து இரண்டு பக்கமும் சீலன்ட் வெடித்து உப்பியிருக்கிறதா என்று கிட்டத்தில் எடுத்த போட்டோ கேளுங்கள், கூடவே ஜாக்கி வைக்கும் இடங்களும் பின் சக்கர வளைவின் உள்பக்கமும். ஆக்‌ஷன் ஷீட்டில் (ஏலக் கம்பெனி தரும் ஆய்வுத் தாளில்) வண்டிப் படத்தின் மேல் எஸ் என்று எழுதியிருந்தால் துரு, சி என்றால் அரிப்பு, டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திய தடம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றியது. கிரேடு இடத்தில் ஆர் இருந்தால் விபத்துப் பழுது பார்த்த வண்டி. மொழிபெயர்ப்பு மட்டும் அனுப்பும் ஏஜென்ட்டிடம் அசல் ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இன்ஜினையும் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பான இபிஏவின் விலக்கு 21 வருஷம், 2002 வண்டிக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் அந்த விலக்கு இன்ஜின் அசல் அமைப்பில் இருக்கும் வண்டிக்குத்தான். அசல் இன்ஜினான ஆர்பி26-ஐக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது, பெரிய ஒற்றை டர்போ மாட்டி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்திருக்கிறார்கள் என்றால் விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் தள்ளிவையுங்கள்.

ஃப்ளோரிடா வண்டிக்கு வருகிறேன். மாநிலம் தந்த டைட்டில், அந்த வண்டி நாட்டுக்குள் முறையாக வந்தது என்பதற்குச் சாட்சி அல்ல. டைட்டில் கொடுக்கும் கவுன்டரில் யாரும் மத்திய அரசின் இறக்குமதி விதியைப் புரட்டிப் பார்ப்பதில்லை. 25 வருஷம் ஆகாத ஆர்34 எப்படி இங்கே ஓடுகிறது? இன்ஜினைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் 'உதிரி பாகம்' என்று காட்டி இறக்கி, இங்கே சேர்த்து, கிட் கார் (பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி) என்று பதிவு செய்தவை உண்டு. 2,500 மைல் வருஷ வரம்போடு 'ஷோ ஆர் டிஸ்ப்ளே' (காட்சிக்கு வைக்கும் வண்டிக்கான) அனுமதியில் வருபவை உண்டு, ஆனால் அது மிக அரிதான வகைகளுக்கு, வண்டி வாரியாக விண்ணப்பித்து வாங்குவது. முறைப்படி பாண்ட் (பிணைத் தொகை) கட்டி விதிக்கு ஏற்ப மாற்றி விடுவித்தவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு உண்டு, அவற்றின் உரிமையாளர்கள் நிட்சாவின் விடுவிப்புக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். ஆகவே விற்பவரிடம் மூன்றே தாள் கேளுங்கள்: கஸ்டம்ஸ் முத்திரையோடு 7501 (கஸ்டம்ஸ் நுழைவுப் படிவம்), ஹெச்எஸ்-7 (பாதுகாப்பு விதிக்கான அறிவிப்புப் படிவம்), இபிஏவின் 3520-1 (புகை விதிக்கான அறிவிப்புப் படிவம்). இல்லை என்றாலோ, டைட்டில் இருக்கிறதே அப்புறம் என்ன என்றாலோ, விட்டுவிடுங்கள். பறிமுதல் செய்தால் போவது உங்கள் காசு.

ஜப்பானிலிருந்து நேராகக் கொண்டுவரும்போது அதே மூன்றும் உங்கள் பெயரில் பிறக்கும். ஹெச்எஸ்-7-ல் 1-ஆம் கட்டம், 3520-1-ல் 'இ' குறியீடு. கன்டெய்னரில் அனுப்பினால் கப்பலில் ஏற்ற 24 மணி நேரம் முன்பே இறக்குமதித் தகவல் பதிவாகியிருக்க வேண்டும், தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். கஸ்டம்ஸ் புரோக்கரை வண்டி வாங்கும் முன்பே பிடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அடிப்படை வரி 2.5 சதவீதம், அதோடு 0.3464, 0.125 சதவீதம் என்று இரண்டு சின்னக் கட்டணங்கள். 2025-ல் கார்களுக்குப் போட்ட 25 சதவீதக் கூடுதல் வரியில் 25 வருஷம் கடந்த வண்டிகளை விட்டுவிட்டார்கள். மற்ற வரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் மொத்தக் கணக்கை புரோக்கரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

டெக்சாஸ் பதிவு ஒப்பிட்டால் சுலபம். வலது பக்க ஸ்டியரிங் தடையில்லை, 24 வருஷம் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனையும் கிடையாது. ஜப்பானின் ஏற்றுமதிப் பதிவு நீக்கச் சான்றின் அசலும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இணையதளம் 17 எழுத்து எண் கேட்கும், உங்கள் சேசிஸ் நம்பர் அவ்வளவு நீளம் வராது, அதனால் பழைய கார்களுக்கென்றே உள்ள நிறுவனத்தை போனில் பிடித்து, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்த பாலிசியாக எடுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். 2002-தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறதா? கடைசியில் வந்த, சுமார் 1,000 மட்டுமே செய்த நூர் வகை என்றால் புரிகிறது. சாதாரண வி-ஸ்பெக் என்றால் 1999, 2000 வண்டிகள் ஏற்கனவே 25-ஐத் தாண்டிவிட்டன, அதே ஆர்பி26, அதே கியர்பாக்ஸ். அவற்றில் ஒன்றைத் தேடச் சொல்லி ஏஜென்ட்டுக்கு இன்றே எழுதினால் கிடங்கு வாடகையும் மிச்சம், காத்திருப்பும் மிச்சம்.