ஸ்கீ ஜம்பிங்: காற்றில் நடப்பது என்ன? கேள்வி பதில்

கே: காலில் ஸ்கீ என்ற நீண்ட பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டி, சரிவில் சறுக்கி, அதன் விளிம்பிலிருந்து பறந்து தூரம் தாண்டுவதுதானே ஸ்கீ ஜம்பிங்? அதில் எதிர்க்காற்று வீசினால் தூரம் கூடும் என்கிறார்கள். எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்குமே, தூரம் எப்படிக் கூடும்?

ப: பெரிய தாவுதளத்தில் விளிம்பைத் தாண்டும் வேகம் மணிக்குச் சுமார் 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர். எதிரே நொடிக்கு 3 மீட்டர் காற்று வீசினால் உடல்மீது காற்று மோதும் வேகம் 28. காற்று ஆளை மேலே தூக்கும் தூக்குவிசை இந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக 25 சதவீதம் கூடுதல். போட்டிகளில் எதிர்க்காற்றுக்குப் புள்ளி கழிப்பதும் பின்காற்றுக்குச் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

கே: இழுவையும், அதாவது காற்று பின்னால் இழுக்கும் விசையும், அதே 25 சதவீதம் கூடுமே! கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள்.

ப: நல்ல மடக்கு. ஆனால் இழுவை எந்தத் திசையில் இழுக்கிறது என்று பாருங்கள். பறத்தலின் பிற்பகுதியில் பாதை ஏறக்குறைய 35 பாகை கீழ்நோக்கி இறங்குகிறது. சைன் 35 என்பது 0.57. இழுவையில் பாதிக்கு மேல் ஆளை மேலே தாங்குகிறது.

கே: அப்படியானால் இழுவை கூடக்கூட நல்லதா?

ப: இல்லவே இல்லை. விளிம்பை விட்டதும் பாதை ஏறக்குறைய கிடைமட்டம். அங்கே இழுவை வேகத்தைத்தான் தின்னும். தொடக்கத்தில் ஒடுங்கி, பிறகு விரிவதுதான் கலையே.

கே: எகிறும்போது எதில் தவறுகிறார்கள்?

ப: நேரத்தில். கால் நிமிர்வது ஏறத்தாழ 0.3 நொடி, அதற்குள் 7.5 மீட்டர் ஓடிவிடும். பிந்தினால் உதைக்கத் தளமே இருக்காது. முந்தினால் நிமிர்ந்த உடம்பு காற்றை வாங்கி வேகத்தை இழக்கும். இன்னொன்று: விளிம்புக்கு முன்னேயே முன்னால் விழாதீர்கள். அளவான முன்சுழற்சி வேண்டும், ஸ்கீகளில் படும் காற்று அதை நிறுத்திவிடும். மிகுந்தால் ஸ்கீ நுனி தாழ்ந்து, காற்று மேற்பரப்பில் அடித்து ஆளைக் குப்புறக் கவிழ்க்கும்.

கே: பறக்கும்போது ஸ்கீ நுனிகளை விரித்துப் பிடிக்கும் 'வி' (V) வடிவம் யாருடையது?

ப: பரவக் காரணம் சுவீடனின் யான் போக்லெவ். நடுவர்கள் பாணிப் புள்ளியைக் குறைத்தும் 1988-89 உலகக் கோப்பையை வென்றார். ஸ்கீகள் உடலுக்கு வெளியே விரிவதால் உடலும் ஸ்கீகளும் தனித்தனியே காற்றைப் பிடிக்கின்றன.

கே: எடையைக் குறைத்தால் தூரம் கூடுமா?

ப: கூடும், ஆனால் விதி தடுக்கிறது. ஸ்கீ நீளம் அதிகபட்சம் உயரத்தில் 145 சதவீதம். உடல் நிறை குறியீடு (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) வரம்புக்குக் கீழே போனால் ஸ்கீயும் குட்டையாகும். உணவுமுறையை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: தொளதொள உடை?

ப: கவட்டில் தளர்ந்த துணி படகின் பாய்போலக் காற்றைப் பிடிக்கும். அதனால்தான் போட்டிகளில் உடைக்கு அவ்வளவு அளவெடுப்பு.

கே: பின்காற்று முன்னால் தள்ளாதா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். நொடிக்கு 3 மீட்டர் பின்காற்றில் அந்த 25, 22 ஆகும்; தூக்குவிசை குறையும்.

கே: முன்னால் நன்றாகச் சாய்ந்தே எகிறலாமா?

ப: விளிம்புக்கு முன்னே வேண்டாம் என்றேனே!