ராணி வீடா, சத்திரமா?

கேள்வி: பட்டுக்கோட்டை போகும் சாலையோரம் ஒரு பழைய கல்வீடு பூட்டிக் கிடக்கிறது. சிலர் ‘ராணி வீடு’ என்கிறார்கள், சிலர் ‘வெள்ளைக்காரன் பங்களா’ என்கிறார்கள். அது என்ன கட்டடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: டெல்டா வண்டல் பூமி. கல் வேண்டுமென்றால் மேற்கே புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து வண்டியில் வர வேண்டும். அதனால் காரை உதிர்ந்த மூலையை முதலில் பாருங்கள். தூணும் நிலைப்படியும் மட்டும் கல், சுவர் இன்றைய செங்கல்லில் பாதிக் கனம்கூட இல்லாத மெல்லிய செங்கல் என்றால், சிமென்ட் வருவதற்கு முந்தைய சுண்ணாம்புக் காலத்துக் கட்டடம்.

அடுத்து அமைப்பு. திண்ணை, ரேழி, முற்றம் என்று உள்ளே போனால் வீடு. சாலையைப் பார்த்து நீளமான தூண் வரிசை, ஒன்றுக்கு மேற்பட்ட முற்றம், பெரிய மடப்பள்ளி, பக்கத்தில் குளம் என்றால் சத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இராமேசுவரம் யாத்திரை போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்த வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். அரண்மனைப் பெண்கள் பெயரை அவற்றுக்கு வைப்பது வழக்கம். இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ‘ராணி வீடு’ என்ற பேச்சு இப்படிக் கிளம்பியிருக்கலாம். ராணி அங்கே குடியிருந்திருக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பேச்சைவிட கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடு நம்பகமானது. வரைபடத்தில் புல எண்ணை (சர்வே நம்பரை) பிடித்து, வகைப்பாட்டைப் பாருங்கள்: புறம்போக்கா, பட்டாவா? பழைய புல எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்; புது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஆவணத்தைத் தேடினால் கிடைக்காது. சத்திரம் என்று தெரிந்தால் தஞ்சாவூரில் சத்திர நிர்வாகத்துக்கென்றே இருக்கும் தனி வட்டாட்சியரிடம் கேளுங்கள். அரண்மனைக் கணக்குகள், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில், சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. அதைப் படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும்.

கேள்வி: நிலைக்கல்லில் எழுத்து தெரிகிறது, படிக்க முடியவில்லை. எண்ணெய் தடவலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம். எண்ணெயில் தூசி அப்பி எழுத்து மூடிவிடும். கம்பி பிரஷ் அதைவிட மோசம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும், செல்போனிலேயே படம் எடுக்கலாம். சக ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டுக்கு 78 கூட்டுங்கள்: சக 1725 என்றால் 1803. ‘ருதிரோத்காரி’ என்று ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், 1803, 1863, 1923 மூன்றுமே ருதிரோத்காரிதான்.

கேள்வி: சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. வெட்டிவிட்டுச் சிமென்ட் பூசினால் போதுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் ஓடிய இடத்துச் செங்கல்லை எண் போட்டுக் கழற்றி, வேரை முழுதாக எடுத்துவிட்டு, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் சேர்த்த காரையில் திருப்பிக் கட்டுங்கள். சிமென்ட் பூசினால் சுவர் குடித்த ஈரம் வெளியேறாது. உப்பு பூத்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாகும். ஐப்பசி மழைக்கு முன் காரை இறுக வேண்டும், ஆடிக்குள் வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.