பட்டைப் பொடியும் பில் இல்லாத கடையும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கே: அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் வீக்கம், ராத்திரியில் நாலைந்து முறை எழுகிறார். தொட்டபெட்டா போகும் வழியில் ‘சோலைக்காட்டு பைஜியம் பட்டை’ என்று கால் கிலோ பொடி 900 ரூபாய்க்கு வாங்கினேன். கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா? (குன்னூர்)

ப: கொடுக்க வேண்டாம். பைஜியம் என்பது ப்ரூனஸ் ஆப்பிரிக்கானா மரத்தின் பட்டை. நம் மலையில் காய்க்கும் பிளம்ஸ், பீச் இனம்தான்; ஆனால் அந்த மரத்தின் ஊர் கேமரூன், கென்யா, மடகாஸ்கர் மலைகள். சோலைக்காட்டில் அது கிடையாது. பட்டைக்காகச் சுற்றிலும் உரித்து மரங்களைச் சாகடித்ததால் 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சிடீஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. உங்கள் பொட்டலம் நிஜமாகவே சோலை மரத்திலிருந்து வந்தது என்றால், அதை உரித்ததே வனக் குற்றம்.

இன்னொன்று. ஆய்வுகளில் கொடுத்தது பொடியோ கஷாயமோ அல்ல. கரைப்பானில் பிரித்த, எண்ணெய்த் தன்மையுள்ள சாறு, பெரும்பாலும் நாளுக்கு 100 மில்லிகிராம் அளவில். 18 ஆய்வுகள், 1,562 ஆண்கள். சிறுநீர்த் தொல்லை ஓரளவு குறைந்தது. ஆய்வுகள் எல்லாமே குறுகிய காலத்தவை. தண்ணீரில் கொதிக்க வைத்தால் அந்தச் சாறு சரியாக இறங்காது. அப்பாவை முதலில் யூராலஜி மருத்துவரிடம் காட்டுங்கள். 900 ரூபாய் போனது எனக்கும் வருத்தம்தான். ஒரு மகனின் கவலையை வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள்.

கே: மாவிலங்கப்பட்டையும் பைஜியம் பட்டையும் ஒன்றா? (கூடலூர்)

ப: இல்லை. மாவிலங்கம் வேறு குடும்பம், நம் ஆற்றங்கரை மரம். சித்த வைத்தியத்தில் கல்லடைப்புக்கும் நீர்க்கட்டுக்கும் கொடுப்பது. பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

கே: ‘30 நாளில் புராஸ்டேட் குணம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு பைஜியம் கேப்ஸ்யூல் வாங்கினேன். பலன் இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (கோத்தகிரி)

ப: இந்த விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், எந்தெந்த நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. புராஸ்டேட் கோளாறு அதில் இருக்கிறது. சிறுநீரகக் கல்லும் இருக்கிறது. எழுபது வருஷமாகச் சட்டம் இருந்தும் வெட்கமில்லாமல் அச்சடிக்கிறார்கள், வெளியே சொல்லக் கூச்சப்படும் பெரியவர்கள் ரகசியமாகப் பணம் கட்டி ஏமாறுகிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். துணை உணவு என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் வேண்டும். ‘மலை மூலிகை’ என்ற முத்திரை எதற்கும் உத்தரவாதம் அல்ல. மலைப்பாதைக் கடையொன்றில் நான் வாங்கிய ‘சுத்தமான’ நீலகிரித் தைலம் துணியில் ஆவியாகாமல் எண்ணெய்க் கறையாக நின்றது. பாட்டிலில் முகவரியே இல்லை, யாரிடம் கேட்பது?

உங்களிடம் ஆர்டர் விவரம் இருக்கிறது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

கே: பில் வாங்கவில்லை, டப்பாவையும் எறிந்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (ஊட்டி)

ப: கிடைப்பது கஷ்டம். பில் கேளுங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறைதான் எழுதுவது?

கே: சிறுநீரில் ரத்தம் வருகிறது. எந்த கம்பெனி பட்டை நல்லது? (கொடைக்கானல்)

ப: எதுவும் வாங்காதீர்கள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.