சிப்பிக் காளான் செழிப்பாக வளர்கிறது, லாக்கேஸ் மட்டும் ஏன் ஏறவில்லை?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகச் சிப்பிக் காளானைத் (புளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ்) திரவ ஊடகத்தில் வளர்க்கிறேன். லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 5 கிராம் பெப்டோன் (நைட்ரஜன் தரும் புரதச் சிதைவுப் பொருள்). பூஞ்சை இழை செழிப்பாக இருக்கிறது. ஏழாம் நாள் அளந்தால் லாக்கேஸ் (மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்க உதவும் நொதி) மிகக் குறைவு. நைட்ரஜனைக் குறைத்தால் நொதி கூடும் என்று படித்துவிட்டுப் பெப்டோனை அரை கிராமாக்கினேன், இன்னும் குறைந்துவிட்டது. ஊடகத்தில் எதை மாற்றுவது?

பதில்: நீங்கள் படித்தது சரியான செய்திதான். ஆனால் அது வேறொரு பூஞ்சைக்கு உரியது. நைட்ரஜன் பஞ்சம் வந்தால்தான் லிக்னினைச் சிதைக்கும் வேலை தொடங்குகிறது என்பதை 1978இல் ஆய்வாளர் கென்ட் கிர்க்கும் அவருடைய சகாக்களும் பேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் காட்டினார்கள். மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் வெண் அழுகல் பூஞ்சைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டது அதுதான் என்பதால், அதன் விதி எல்லாப் பூஞ்சைக்கும் பொது விதிபோலப் பரவிவிட்டது. 2004இல் அதன் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, வழக்கமான லாக்கேஸுக்கான மரபணுவே அதில் காணப்படவில்லை. லிக்னின் பெராக்சிடேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் என்ற வேறு நொதிகள்தான் அதன் கருவிகள். லாக்கேஸ் தேடும் நீங்கள் அதன் ஊடகத்தைப் பின்பற்றுவதில் பயனில்லை.

சிப்பிக் காளான் வகைகளில் பலவும் கரிம நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போதுதான் லாக்கேஸைக் கூடுதலாகச் சுரக்கின்றன. எனவே பெப்டோனைப் பழையபடி 5 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். பாதியை யீஸ்ட் சாறாக மாற்றியும் ஒரு குடுவை வையுங்கள். குறைக்க வேண்டியது குளுக்கோஸைத்தான். எளிதில் கிடைக்கும் சர்க்கரை நிறைய இருக்கும்வரை பல பூஞ்சைகளில் இந்த நொதியின் உற்பத்தி அடங்கியே இருக்கும். இழை மட்டும் பெருகும். உங்கள் குடுவையிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். 20 கிராமை 10 அல்லது 5 ஆக்கி, லிட்டருக்கு 20 கிராம் கோதுமைத் தவிடு சேர்த்துப் பாருங்கள். தவிட்டிலுள்ள ஃபெருலிக் அமிலம் போன்ற பீனால் சேர்மங்கள் நொதியைத் தூண்டக்கூடியவை. தவிடு கலந்தால் இழையின் உலர் எடையைச் சரியாகக் கணிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது தாமிரம். என் பார்வையில் உங்களுக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தரக்கூடியது இதுதான். லாக்கேஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு தாமிர அணுக்கள் இருக்கின்றன. அதோடு, தாமிரம் அந்த நொதியின் மரபணுக்களையே தூண்டிவிடுகிறது. ஆனால் அது பூஞ்சைக்கு நஞ்சும்கூட. முதல் நாளே ஊற்றினால் வளர்ச்சி முடங்கும். இழை ஓரளவு பரவிய பிறகு, மூன்றாம் அல்லது நான்காம் நாளில் சேர்ப்பதே நல்லது. 0.1, 0.5, 1 மில்லிமோலார் என மூன்று அளவுகளை ஒப்பிடுங்கள். 0.5 மில்லிமோலார் என்பது லிட்டருக்குச் சுமார் 125 மில்லிகிராம் மயில்துத்தம், அதாவது ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட காப்பர் சல்ஃபேட். அதன் கரைசலைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் உள்ள ஊடகத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தால் வீழ்படிவாகிவிடக்கூடும். தொடக்க பி.எச். 5.5, வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும்.

ஏழாம் நாள் ஒருமுறை மட்டும் அளப்பதைக் கைவிடுங்கள். உச்சம் பத்தாம் நாளிலும் வரலாம். உச்சத்துக்குப் பின் பூஞ்சையின் புரதச் சிதைப்பு நொதிகள் லாக்கேஸைக் குறைத்துவிடவும் கூடும். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம்வரை மாதிரி எடுங்கள். ஏ.பி.டி.எஸ். (லாக்கேஸ் பட்டால் நிறம் மாறும் வேதிப்பொருள்) முறையில் 420 நானோமீட்டரில் அளக்கும்போது ஒளி உட்கவர் குணகம் 36,000 (மோலாருக்கு, செ.மீ.க்கு). மொத்தக் கலவை 3 மி.லி., அதில் நொதிக் கரைசல் 0.1 மி.லி., ஒளி உட்கவர்வில் நிமிடத்துக்கு 0.36 ஏற்றம் என்றால் லிட்டருக்கு 300 அலகு. ஏற்றம் மிக வேகமாக இருந்தால் மாதிரியை நீர்த்து மீண்டும் அளக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய மாதிரியையும் ஒவ்வொரு முறையும் உடன் வையுங்கள். நொதி இல்லாமலே நிறம் ஏறுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பல காரணிகளைக் குறைந்த சோதனைகளில் ஒருசேர ஆராய உதவும் பிளாக்கெட்–பர்மன், பாக்ஸ்–பென்கென் போன்ற புள்ளியியல் வடிவமைப்புகளுக்கு இதற்குப் பிறகு போகலாம். மூன்று காரணிகளுக்கான பாக்ஸ்–பென்கெனை மூன்று மையப் புள்ளிகளோடு 15 குடுவைகளில் முடித்துவிடலாம். உங்களுக்கு அந்த மூன்று: குளுக்கோஸ், பெப்டோன், தாமிரம். எந்த நாளில் அறுவடை செய்வது என்று தெரியாமல் அதில் இறங்கினால், 15 குடுவைகளையும் தவறான நாளில் அளந்து, அழகான வரைபடத்தில் பொருளற்ற எண்களைப் போட நேரிடும். ஆய்வேடுகளில் இது நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.