மின்-ஒளியியல் பாலிமர்: கேள்வி பதில்

பர்கூர், பொறியியல் மாணவி: சிலிக்கானிலேயே மாடுலேட்டர் (மின் சைகையை ஒளியில் ஏற்றும் சாதனம்) இருக்கும்போது பாலிமர் எதற்கு ஐயா?

பதில்: சிலிக்கான் படிகம் மையச் சமச்சீர் உடையது என்பதால், மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் ஒளிவிலகல் எண் மாறும் பாக்கல்ஸ் விளைவு அதில் இயல்பாக இல்லை. மின்னூட்டங்களைத் தள்ளியும் இழுத்துமே அங்கே ஒளியை மாற்றுகிறார்கள்; அந்த நடமாட்டமே வேகத்துக்குக் கடிவாளமாகிறது. பாலிமரில் எதுவும் ஓட வேண்டியதில்லை, அதில் கலந்துள்ள குரோமோஃபோர் என்ற சாய மூலக்கூறின் எலக்ட்ரான் மேகம் சற்றே அசைந்தால் போதும். எனவேதான் 100 கிகாஹெர்ட்சைத் தாண்டிய மாடுலேட்டர்களை ஆய்வகங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். எட்டுத் தடங்களில் தலா 200 கிகாபிட் அனுப்பும் 1.6 டெராபிட் டிரான்சீவருக்கு (ஒளிச் சைகையை அனுப்பிப் பெறும் கருவிக்கு) இந்தத் தாராளம் தேவை.

பென்னாகரம், கேபிள் ஆபரேட்டர்: இதனால் வீட்டு இணைய வேகம் கூடுமா?

பதில்: கூடாது, இது முதலில் தரவு மையங்களுக்கானது. ஆனால் ஒளியிழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கலாம்.

பாலக்கோடு வாசகர்: பிளாஸ்டிக் சூட்டில் கெடாதா? மாடுலேட்டருக்குப் பயன்படும் லித்தியம் நியோபேட் படிகம் போதாதா?

பதில்: உருகுவதைப் பற்றிக் கவலையில்லை, வரிசை கலைவதுதான் கவலை. பாலிமர் படலத்தைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் சூடு) வரை சூடாக்கி, மைக்ரானுக்கு ஏறத்தாழ 100 வோல்ட் கொடுத்து, மூலக்கூறுகள் ஒரே பக்கம் திரும்பியதும் மின்புலத்தை எடுக்காமலே ஆறவிடுகிறோம். நடுவில் ஒரு தூசி இருந்தாலும் பொறி தட்டி, படலத்தில் கருப்புப் புள்ளி விழுந்துவிடும். அப்படி நான் பாழாக்கிய தகடுகள் ஒன்றிரண்டல்ல. இப்படி உறைந்த வரிசை, சூட்டில் மெல்ல மெல்லக் குலையும்.

ஓசூர் வாசகர்: பாலக்கோட்டார் வீணாக அஞ்சுகிறார். நியோபேட்டின் மின்-ஒளியியல் கெழு, அதாவது மின்புலத்துக்கு ஒளிவிலகல் எண் எவ்வளவு இசைகிறது என்ற அளவு, வோல்ட்டுக்குச் சுமார் 30 பிக்கோமீட்டர், பாலிமரில் 100-ஐத் தாண்டுகிறது. நிலைமாற்ற வெப்பநிலையை உயர்த்தினால் தீர்ந்ததே?

பதில்: உயர்த்தினால் வரிசைப்படுத்தும் சூடும் உயரும், குரோமோஃபோரே சிதையக்கூடும். ஆக்சிஜன் புகுந்தாலும் ஒளிபட்டு வெளுக்கும் என்பதால் உறையிட்டு மூட வேண்டும். கெழுவை மட்டும் பார்த்து மயங்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! ஆனாலும் ஒளி செல்லும் குறுகிய பிளவில் பாலிமரை நிரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்குள் சாதனம் அடங்கிவிடுகிறது. நியோபேட்டுக்குப் பல மில்லிமீட்டர் வேண்டும். அந்த அளவில் ஓசூராரின் கட்சியே என் கட்சி.

ஊத்தங்கரை வாசகர்: வீட்டு இணைய வேகம்...

பதில்: பென்னாகரத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள், இழை முனை எச்சரிக்கையையும் சேர்த்து.

கிருஷ்ணகிரி வாசகர்: எந்த நிறுவனப் பங்கு வாங்கலாம்?

பதில்: என் துறை அன்று.

பாலக்கோடு வாசகர்: அப்படியானால் விற்பவரிடம் என்னதான் கேட்பது?

பதில்: 85 டிகிரியில் 2000 மணி நேரம் வைத்தபின் அரை-அலை மின்னழுத்தம் (ஒளியை அரை அலை அளவு நகர்த்தத் தேவையான வோல்ட்; வரிசை குலைந்தால் இது ஏறும்) எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள்.